வரைபடத்தில் ஏறிவிட்ட பாறை

மார்ச் 2

ஒருவழியாகக் காற்று நின்றது. வோய்கோவும் நானும் ஓஸ்ப் பள்ளத்தாக்குக்குப் போனோம், மில்கா அக்காவின் ஒலிவத் தோப்புக்கு மேலே இருக்கிற பாறைக்கு. குளிர்காலம் முழுக்க வோய்கோ தனியாகக் கயிற்றில் தொங்கி, உதிரும் கல்லையெல்லாம் தட்டித் தள்ளி, கயிறு மாட்டப் போல்ட் அடித்து வைத்திருக்கிறான். எங்களைத் தவிர, எல்லைக்கு அப்பால் இத்தாலியின் திரியெஸ்தேவிலிருந்து எங்களோடு ஏற வரும் லீவியோவுக்கு மட்டும்தான் அந்த இடம் தெரியும். இடது பக்கக் குகையில் கொம்பன் ஆந்தை அடைகாக்கிறது. அந்தப் பக்கம் போவதில்லை என்பது மில்கா அக்காவுக்கு நாங்கள் கொடுத்த வாக்கு.

"இது உன் ஆப்ல வரக்கூடாது, சொல்லிட்டேன். விட்டா நீ பல்லு தேய்க்கிற இடத்தைக்கூட அதுல போட்டுருவ" என்றான் வோய்கோ.

"வராதுடா, போ."

மார்ச் 5

ஏறுகிற பாறைகளை வரைபடத்தில் காட்டும் எங்கள் ஆப் 'ஓப்ரிமெக்'; எங்கள் மொழியில் கைப்பிடி என்று அர்த்தம். பதினாலு வயதிலிருந்து பாறையில் தொங்குகிறவள் கம்பெனிக்கு வேறென்ன பெயர் வைப்பாள்? இப்போது புது வசதி ஒன்று தயார். ஏறுகிறவர் எங்கே நிற்கிறார், எவ்வளவு உயரம் போகிறார் என்று போனே கவனித்து, புதுப் பாறையை வரைபடத்தில் தானாகக் குறித்துவிடும். யோசனை என்னுடையது.

கம்பெனிப் பங்குதாரன் தமியானுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "உன் போன்லயே ஓடவிட்டுப் பாரு. இந்த ஊர்ல உன்னைவிட அதிகமா தொங்கறவ யாரு?"

மார்ச் 9

மறுபடி அங்கே. போனை வண்டியில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். பையில் இருந்தது, புது வசதி ஓடியபடி. அணைக்கவில்லை.

மார்ச் 20

தலைநகர் லூப்லியானா. முதலீடு செய்ய வந்தவர்களுக்கு முன்னால் தமியான் பெரிய திரையில் வரைபடத்தைத் திறந்தான். ஓஸ்ப்பில், ஒலிவத் தோப்புக்கு மேலே, ஒரு பச்சைப் புள்ளி.

"இந்தப் பாறை எந்தப் புத்தகத்துலயும் கிடையாது. எங்க ஆப் தானா கண்டுபிடிச்சது."

எல்லோரும் கைதட்டினார்கள். அதை எடுத்துவிடு என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். காபியைக் குடித்தேன்.

திரும்பும்போது தமியான் வழியெல்லாம் பாட்டு. "என்ன, வாயே திறக்கல?" தலைவலி என்றேன்.

அன்னிக்குப் போனை அணைக்க மறந்தேனா? இல்ல, மறந்த மாதிரி இருந்துக்கிட்டேனா?

ஏப்ரல் 13

வோய்கோ கூப்பிட்டான். தோப்பு ஓரமெல்லாம் வண்டிகளாம். ஆந்தைக் குகைக்கு நேர் கீழே யாரோ தீ மூட்டிச் சமைத்திருக்கிறார்கள்.

"உன் ஆப்லதான் இருக்கு. யாராவது போட்டாத்தானே வரும்? இது லீவியோ வேலை. வேற யாருக்குத் தெரியும்?"

"தெரியலையே, வோய்கோ."

தெரியலையே! எப்படி வந்துச்சு அந்த வார்த்தை என் வாயில? யோசிக்கக்கூட இல்லையே—

ஏப்ரல் 14

புள்ளியை எடுத்துவிட்டேன். பயனில்லை. அதற்குள் படம் பிடித்து எங்கெங்கோ பரப்பிவிட்டார்கள்.

ஏப்ரல் 26

மில்கா அக்கா டிராக்டர் வண்டியைக் குறுக்கே நிறுத்திப் பாதையை அடைத்துவிட்டாள். எவனோ தூளி கட்டிப் படுத்ததில் இளம் ஒலிவ மரம் ஒன்று அடியோடு பிளந்து கிடக்கிறது.

"அடுப்புல ஜோத்தா குழம்பு கொதிக்குது. ஜன்னல்ல ஒருத்தன் மூஞ்சியை நீட்டி, கக்கூஸ் எங்கன்னு கேக்கறான். என் வீடு என்ன பஸ் ஸ்டாண்டா?" என்று கத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆந்தை போயிருச்சுடி. சத்தமே இல்ல" என்றாள். "அந்த இத்தாலிக்காரன்தானாமே? என் மேசையில உக்காந்து தின்னவன்."

எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தாள். தின்றேன். மிச்சம் வைக்காமல் தின்றேன்.

மே 3

அலுவலகத்துக்கு லீவியோ வந்தான். பள்ளி ஆசிரியன், யாரிடமும் குரல் உயர்த்தாதவன். எங்கள் மொழியை அவர்கள் ஊர் இழுவையோடு பேசுவான்.

"வோய்கோ என் போனை எடுக்கறதே இல்ல. கடையில பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கறான். யார் போட்டதுன்னு உங்க கம்ப்யூட்டர்ல இருக்குமில்ல? பாத்து அவன்கிட்ட சொல்லு ஸார்யா. நீ சொன்னா நம்புவான்."

பார்க்கிறேன் என்றேன். பார்க்க என்ன இருக்கிறது?

போகும்போது தோளைத் தட்டினான். "நடுவுல மாட்டிக்கிட்டு உனக்கும் கஷ்டம்தான்."

மே 4

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

மே 5

சொல்லவில்லை.

மே 11

வோய்கோவோடு சேர்னி கால் பாறைகளுக்கு. முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல், பாறை உச்சியில் தொங்கிக்கொண்டு சொன்னேன்.

"வோய்கோ! லீவியோ இல்ல. நான்தான். என் போன்தான் காட்டிக் குடுத்துச்சு."

கீழே அவன் பிடித்திருந்த கயிறு அசையவில்லை. கேட்டான்: "அன்னிக்கு நான் கூப்பிட்டப்பவே தெரியுமா?"

"தெரியும்."

எப்போதும்போல மெதுவாகத்தான் இறக்கினான். கால் தரையில் பட்ட பிறகுதான் கயிற்றை விட்டான்.

"பாறை போனாப் போகுது. லீவியோவைத் துரோகின்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கேன் நான். நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்த."

கயிற்றை என்னிடமே விட்டுவிட்டுச் சாலையைப் பார்த்து நடந்தான். வண்டியில் பின்னால் போய்க் கூப்பிட்டேன். ஏறவில்லை.

மே 13

திரியெஸ்தே போய் லீவியோவிடமும் சொன்னேன். வாசலிலேயே நின்று கேட்டான். உள்ளே வா என்று சொல்லவில்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டான்: "அன்னிக்கு உன் தோளைத் தட்டினேனே, அப்பவாவது சொல்லணும்னு தோணலியா?"

தோன்றியது. அதையும் சொன்னேன்.

மே 15

தானாகக் குறிக்கும் அந்த வசதியை எடுத்துவிடலாம் என்றேன். "அதுக்குத்தானே அவங்க பணமே தர்றாங்க! ஒரு ஆந்தைக்காகவா?" என்று தமியான் மேசையைத் தட்டினான். எடுத்துவிட்டேன்.

ஜூலை 8

முதலீட்டுக்காரர்கள் விலகிவிட்டார்கள். தமியானும் போய்விட்டான். ஓப்ரிமெக்கில் இப்போது நான் ஒருத்திதான். நிலத்துக்காரர் சரி என்று சொன்ன பாறைகளை மட்டும் வைத்திருக்கிறேன். மிகச் சிறிய வரைபடம்.

செப்டம்பர் 28

மில்கா அக்கா வேலி கட்டக் கூப்பிட்டிருந்தாள். வோய்கோ சொல்லி அவளுக்கும் எல்லாம் தெரியும்; மன்னித்தாளா என்று தெரியவில்லை. ஆள் வேண்டியிருந்தது, கூப்பிட்டாள். மேலே பாறையில் வோய்கோவும் லீவியோவும். "இடது கால்டா, இடது!" என்று ஒருவன் கத்த, இன்னொருவன் இத்தாலிய மொழியில் திட்டுகிறான். இறங்கி வரும்போது வோய்கோ எனக்குத் தலையசைத்தான், வழியில் தெரிந்தவர்களுக்கு அசைப்பதுபோல.

ஆந்தை வரவில்லை.

அக்டோபர் 6

கோப்பெர் நகர ஏறுகூடம், செயற்கைப் பாறைச் சுவர். எனக்குக் கயிறு பிடிக்க யாராவது வருவீர்களா என்று நானே போய்க் கேட்க வேண்டியிருந்தது. கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது.

"இடுப்புக் கயிற்று முடிச்சைக் காட்டுங்க அக்கா, சரியா இருக்கான்னு பாத்துக்கறேன்" என்றாள்.

வோய்கோ இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை.

காட்டினேன்.