கேரட் கசந்த வருடம்

செப்டம்பர் 6, சனி

எங்கள் ஊர் வில்யாந்தி சந்தைக்கு இன்று தனியாகப் போனேன். முப்பத்து மூன்று வருடம் அந்தச் சந்தை வாசலில் பஸ்ஸை நிறுத்தியிருக்கிறேன். உள்ளே போய் ஒரு கிழங்கு வாங்கியதில்லை. அது என் மனைவி லெய்லியின் ராஜ்யம். குளிர்காலத்துக்கு எது வேண்டும், யாரிடம் வாங்க வேண்டும், எந்த வாரம் வாங்க வேண்டும், எல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. நான் வாசல் வரை சுமப்பவன், பிறகு தின்பவன்.

ஜூலையில் ஸ்ட்ராபெர்ரி ஜாம் பாட்டில்களோடு நிலவறைப் படியில் விழுந்தாள். இடுப்பு எலும்பு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. அறைக்குள் ஊன்றுகோல் வைத்து நடக்கிறாள். படி என்றால் மட்டும் முகம் வெளுத்துவிடுகிறது. நிலவறைக்கு ஒன்பது படி, வாசலுக்கு நாலு படி. ஆக, ஐந்து வாரமாக அவள்மேல் வெளிக்காற்று படவில்லை.

சந்தையில் முதல் கடையிலேயே அவமானம். பளபளவென்று இருந்த கேரட்டை எடுத்தேன். கடைக்காரி சால்மே கையைத் தட்டிவிட்டாள்.

"என்ன டிரைவர், ரூட் மாறி வந்துட்டீங்களா? இது இன்னைக்குச் சமைக்கவா, குளிர்காலத்துக்கா?"

"குளிர்காலத்துக்கு."

"அப்ப கழுவினதை ஏன் தொடுறீங்க? மண்ணோட இருக்கறதுதான் தாங்கும். அதுக்கும் இன்னும் ஒரு மாசம் இருக்கு. இப்ப வெள்ளரிக்காய் எடுத்துட்டுக் கிளம்புங்க."

பத்து கிலோ வெள்ளரிக்காயோடு வந்து சேர்ந்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

வெள்ளரி ஊறல் போட்டேன். லெய்லி கட்டிலில் இருந்தபடி சொல்லச் சொல்ல, நான் அடுக்களையில் செய்தேன். சதகுப்பைப் பூ, பூண்டு, செர்ரி இலை, உப்புத் தண்ணீர்.

"உப்பு எவ்வளவு?" என்று கத்தினேன்.

"நாக்குல வச்சுப் பாரு. கண்ணீர் மாதிரி இருக்கணும்."

நான் எப்போது கண்ணீரை நக்கிப் பார்த்தேன்? ஸ்பூனில் எடுத்துக்கொண்டு போய் அவளிடமே கொடுத்தேன். "இன்னும் கொஞ்சம்" என்றாள். ஆனால் குரலில் உயிரே இல்லை. யார் வீட்டு ஊறலுக்கோ சொல்வது போலச் சொன்னாள்.

செப்டம்பர் 10, புதன்

பிசியோதெரபிஸ்ட் பிரெத் வந்தாள். சின்னப் பெண், ஆனால் கண்டிப்பு. போகும்போது வாசலில் என்னைத் தனியாக நிறுத்தினாள்.

"கால் நல்லாத்தான் இருக்கு ஹெல்தூர். பயம்தான் பிரச்சினை. பனி விழறதுக்குள்ள படி இறங்கப் பழகணும். இல்லைன்னா கால் இறுகிடும். அப்புறம் அந்த ரூம்தான் அவங்க உலகம்."

அதற்கு முன் அறையில் படியைப் பற்றி ஒரு பாடமும் எடுத்திருந்தாள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். நான் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். சொல்ல வேண்டியவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு யோசனை. நிலவறையை நான் நிரப்பப் போகிறேன். அலமாரி முழுக்க. கீழே பார்க்க ஏதாவது இருந்தால் அவள் இறங்க மாட்டாளா?

செப்டம்பர் 27, சனி

உருளைக்கிழங்கு நாலு மூட்டை. முதுகு போச்சு.

அக்டோபர் 11, சனி

இன்று பெரிய நாள். மண்ணோடு இருபது கிலோ கேரட், பீட்ரூட் ஒரு பெட்டி, ஆறு முட்டைக்கோஸ், மூன்று பெட்டி ஆப்பிள். பிந்திப் பழுக்கிற வகையாம், பிப்ரவரி வரை தாங்குமாம். ஆப்பிளைச் சந்தைக் கோடியில் ஒருவர் விற்றார். சால்மே கடையில் இப்போது எனக்கு மரியாதை கூடியிருக்கிறது. "டிரைவருக்கு அடியில இருக்கற பெட்டியை எடு" என்று தன் தங்கையிடம் சொன்னாள்.

கேரட்டை மணலில் புதைத்தேன். அதன் பக்கத்திலேயே, கிழங்கு மூட்டைகளை ஒட்டி, ஆப்பிள் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். எல்லாம் ஒரே வரிசை, பஸ் டிப்போ மாதிரி. எனக்கே பெருமையாக இருந்தது. போனில் படம் எடுத்து மேலே கொண்டுபோய்க் காட்டினேன்.

"நல்லாருக்கு" என்றாள். படத்தை அரை நொடிகூடப் பார்க்கவில்லை.

"நேர்ல வந்து பாரேன் லெய்லி. நான் முன்னாடி பிடிச்சுக்கறேன்."

"எனக்கெதுக்கு? கீழ இருக்கறதெல்லாம் இனிமே உன்னோடது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யாருக்காக இந்த மூட்டையெல்லாம் சுமக்கிறேன்? வெளியே போய் விறகு பிளந்தேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

கோஸை நறுக்கி, சீமைச்சீரகமும் கிரான்பெர்ரியும் போட்டுப் பிசைந்து புளிக்க வைத்தேன். வீடெல்லாம் நாற்றம். நல்ல நாற்றம்தான்.

பிரெத் இந்த வாரம் இரண்டு முறை வந்தாள். லெய்லி படிக் கதவு வரை போனாள். கைப்பிடியைத் தொட்டாள். திரும்பிவிட்டாள்.

நவம்பர் 2, ஞாயிறு

தரை உறைந்துவிட்டது. இன்னும் பனி விழவில்லை. தினமும் வானத்தைப் பார்க்கிறேன்.

நவம்பர் 8, சனி

எப்படி எழுதுவது?

மத்தியானம் கேரட் சூப் வைத்தேன். நம் நிலவறையின் முதல் கேரட். லெய்லி ஒரு ஸ்பூன் குடித்தாள். ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"இதுல என்ன போட்ட?"

"கேரட், உருளைக்கிழங்கு, உப்பு."

"கசக்குது."

நானும் குடித்துப் பார்த்தேன். கசந்தது, மாத்திரையைக் கடித்த மாதிரி. "சால்மே ஏமாத்திட்டா" என்றேன்.

"அவளைச் சொல்லாத. ஆப்பிளை எங்க வச்சிருக்க?"

"கேரட் பக்கத்துல. ஏன், படம் காட்டினேனே."

வெடித்தாள் பாருங்கள்! "நாப்பத்தோரு வருஷமா இந்த வீட்ல ஆப்பிள் தின்னுருக்க. அது எங்க இருந்து வருதுன்னு ஒரு நாளாவது பார்த்தியா?"

பார்த்ததில்லை. தட்டில் இருந்தது, தின்றேன்.

"கண்ணாடி வராந்தாவுல இருந்துடா மடையா! ஆப்பிள் சும்மா இருக்காது, மூச்சு விட்டுக்கிட்டே இருக்கும். அந்தக் காத்துப் பட்டா கேரட் கசக்கும், கிழங்கு முளைக்கும். எத்தனை முளைச்சிருக்கு?"

"பார்க்கலை."

"பார்க்கலையா!"

எழுந்துவிட்டாள். ஊன்றுகோலை எடுத்தாள். சாதாரணமாக அடுக்களையைக் கடக்க ஐந்து நிமிடம் எடுப்பவள், நான் நாற்காலியைத் தள்ளி எழுவதற்குள் நிலவறைக் கதவைத் திறந்துவிட்டாள். நான் ஓடிப்போய் அவளுக்கு முன்னால் நின்று, அவளைப் பார்த்தபடி பின்பக்கமாகப் படி தேடித் தேடி இறங்கினேன். "அடிபட்ட கால் முதல்ல" என்றேன். "தெரியும், வாயை மூடு" என்றாள்.

ஒன்று. இரண்டு. மூன்றாவது படியில் அப்படியே நின்றுவிட்டாள். சுவரைப் பிடித்த கை வெளுத்துப்போனது.

"இங்கதான்," என்றாள். "இந்தப் படியிலதான் ஹெல்தூர். நீ வீட்டுக்கு வர்ற வரைக்கும் யாரும் வரலைன்னா என்ன பண்றதுன்னு... அரை மணி நேரம் கத்தினேன்."

அரை மணி நேரம். இதை இதுவரை என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. அன்று நான் பழைய டிப்போ நண்பர்களோடு பீர் குடித்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னேன். படியில் நின்றபடியே சொன்னேன், அழுதுகொண்டே. அவளும் அழுதாள். திரும்பிப் போகலாம் என்று நான்தான் சொன்னேன்.

"கிழங்கு கெட்டுக்கிட்டிருக்கு" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நாலாவது படியில் காலை வைத்தாள்.

கீழே போனதும் கவிழ்த்த பெட்டி ஒன்றின்மேல் மகாராணி மாதிரி உட்கார்ந்துகொண்டாள். இரண்டு மணி நேரம் என்னைப் பிழிந்தெடுத்தாள். ஆப்பிள் பெட்டிகள் வராந்தாவுக்கு. கிழங்கில் வந்த முளையை எல்லாம் கிள்ளி எடுக்க வேண்டும். கேரட் பாதியைப் பக்கத்து வீட்டு முயல்களுக்குக் கொடுக்க வேண்டும். நடுவில் கோஸ் ஜாடியைத் திறந்து ஒரு விரல் எடுத்து நக்கினாள்.

"இது பரவாயில்லை" என்றாள்.

ஏறும்போது நல்ல கால் முதலில். இருபது நிமிடம் ஆயிற்று. நான் பின்னாலேயே ஏறினேன்.

நவம்பர் 12, புதன்

பிரெத்திடம் லெய்லி படி இறங்கிக் காட்டினாள். "என்ன மருந்து கொடுத்தீங்க?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள். "முட்டாள்தனம்" என்று லெய்லி முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

நவம்பர் 15, சனி

வாசல் நாலு படி. முற்றம் வரை. வெளியே இரண்டு நிமிடம் நின்றுவிட்டு, குளிர்கிறது என்று என்னைத் திட்டினாள்.

நவம்பர் 21, வெள்ளி

பனி.

டிசம்பர் 6, சனி

காலையில் வாசல் படிகளில் பனியைத் தள்ளி மணல் தூவினேன். பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்து வந்தார். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றேன்.

"நீ எங்க கிளம்பிட்ட?" என்றாள் லெய்லி.

"சந்தைக்கு. உன்கூட."

"வேண்டாம். நீ வந்தா எல்லாரும் உன்கிட்டயே பேசறாங்களாம். டிரைவர், டிரைவர்னு. எனக்கு அங்க நிறைய வேலை இருக்கு. சால்மேகிட்ட சரிக்குச் சரி பேசியே அஞ்சு மாசம் ஆச்சு."

பையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பத்து மணிக்குப் போனவள். இப்போது பன்னிரண்டரை. இன்னும் வரவில்லை. சூப் ஆறிக்கொண்டிருக்கிறது. கவலைப்பட வேண்டியவன் இங்கே தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன்.