வெந்ததும் தானே நிற்கும்

ஜூன் 19, வியாழன்

பையில் லேப் சாவி, சாப்பாடு, கேஸ் ரெகுலேட்டர். மாமி இரண்டு தடவை அடுப்பை அணைக்க மறந்து பாத்திரம் கரிந்ததிலிருந்து, ரெகுலேட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். காலையில் நான் பொங்கி வைத்துவிட்டுப் போனால் மாமி தொடுவதில்லை. மதியம் சூடாக வேண்டும்.

சவூதியில், தம்மாமில் இருக்கும் என் வீட்டுக்காரர் ஆர்டர் போட்ட மைக்ரோவேவ் ஓவன் இன்று வந்தது. உள்ளே சென்சார் இருக்கிறதாம். ஆவியின் ஈரத்தை வைத்து, வெந்ததும் தானே நிறுத்திக்கொள்ளும். இது சரிப்பட்டால் லேப்பில் இருப்பேன். இல்லையென்றால் வீட்டோடு.

ஜூன் 24, செவ்வாய்

ஓவனில் மாமி வைத்த சோறு மறுபடியும் அரைவேக்காடு. அதையும் மாமி சாப்பிட்டிருக்கிறார். அழுகை வந்துவிட்டது.

சாரல் ஈரத்தில் சென்சார் குழம்புகிறது என்று அவரிடம் போனில் கத்தினேன். "அப்போ வேலைய விட்டுரு சாஜிதா" என்றார். எவ்வளவு லேசாக! மாமி இவரைப் பெற்ற உம்மாதானே? இவரை யாராவது வேலையை விடச் சொன்னார்களா?

ஜூன் 28, சனி

குற்றாலத்திலிருந்து மெக்கானிக் ஜெபஸ்டின் வந்தார். சாரலைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார்.

"சாரல் எல்லா வீட்லயுந்தான் அடிக்கு. அதுக்கு இது ஏமாறாது. அவங்களே ஒருதரம் வச்சுக் காட்டட்டும்."

மாமி அரிசி போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடினார். பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லிக் கண்ணாடிப் பாத்திரத்தை வெளிப்புறம் சுற்றிலும் குழாயில் கழுவி, சொட்டச் சொட்ட உள்ளே வைத்தார். அந்த வெளித் தண்ணீர்தான் முதலில் ஆவியாகிறது. சோறு வெந்துவிட்டது என்று நம்பி சென்சார் நிறுத்திவிடுகிறது. லேப்பில் நாளெல்லாம் மெஷினோடு கிடக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை.

துடைத்து வைக்கச் சொன்னேன். "கழுவாத பாத்திரத்துல எப்படிம்மா பொங்க?" என்றார். மாமா மௌத்தாகி அடக்கம் செய்ததே சில நாள் அவருக்கு நினைவில் இல்லை. கழுவுவதை மட்டும் மறக்கமாட்டார்.

ஜூலை 1, செவ்வாய்

இனி காலையில் நானே அரிசியும் தண்ணீரும் போட்டு, துடைத்து, உள்ளே வைத்துவிடுவேன். மதியம் போன் செய்வேன், மாமி பொத்தானை அமுக்கினால் போதும்.

ஜூலை 2, புதன்

சோறு பூவாக வந்திருக்கிறது. மதியம் போனில் சொல்லி மாமி பொத்தானை அமுக்கியதும், லேப்பில் நிம்மதியாக ஒரு டீ குடித்தேன்.

ஜூலை 9, புதன்

சாயங்காலம் வந்தபோது மாமி ஓவனுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் வாடிப்போய். உள்ளே சோறு நன்றாக வெந்து, ஆறி, அப்படியே இருந்தது.

ஏன் மாமி சாப்பிடவில்லை?

"நான் பொங்கலையே. யாரு வீட்டுச் சோறோ. கேக்காம எப்படித் தொறக்க?"

நேற்றும் மீந்திருந்தது. பசிக்கவில்லை என்றார், நம்பினேன். முந்தாநாள்? எனக்குத் தெரியாது — கேட்கவே இல்லையே. ஓவனைத் திட்ட வழியில்லை, அது தன் வேலையைச் செய்திருக்கிறது. யாரைத் திட்டுவது? என் மேலேயே எரிச்சலாக வருது. பசியோட உக்காந்திருக்காங்க, நான் அங்கன டீ குடிச்சிட்டு.

ஜூலை 11, வெள்ளி

லேப்பில் சொல்லிவிட்டேன். சாவியைக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

ரெகுலேட்டரை மாட்டினேன். மதியம் மாமிதான் பொங்கினார், நான் பக்கத்தில் நின்றேன். பானையைக் கழுவி ஈரத்தோடு அடுப்பில் வைத்தார். சுர்ரென்றது. பழக்கதோஷம், கை துணியை எடுத்தது. திரும்ப வைத்துவிட்டேன்.

வடித்ததும் எனக்குத்தான் முதல் தட்டு. சோற்றின் மேல் ஆணத்தை ஊற்றி, என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"சீக்கிரம் சாப்பிடும்மா. வேலைக்கு நேரமாச்சுல்லா."

சரி மாமி என்று வேகவேகமாகச் சாப்பிட்டேன்.