முதல் திராட்சை யார் கையால்?

என் தலைக்கு மேலே நடந்து நடந்தே என் மனசுக்குள் வந்துவிட்ட பங்கஜம் அக்காவுக்கு,

தமிழ்ச் சங்க மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். உன் நல்ல குணங்களை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அந்த எலேனாவைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அவள் பெயரைக் கேட்டால் இன்னும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. உனக்குத் தெரியாததா?

மான்ட்ரியலில், சென்ட் லோரன்ட் பகுதியில் நம் கட்டடத்தில் தமிழ்க் குடும்பம் என்று இருந்தது நாம் இரண்டு வீடுதான். நீ மாடியில், நான் கீழே. என் வீட்டுக்காரர் தொழிற்சாலைக்கும் உன் வீட்டு மாமா கல்லூரிக்கும் கிளம்பிவிட்டால் சாயந்திரம் வரைக்கும் எனக்கு நீ, உனக்கு நான். கீழே தாளிக்கிற வாசனை வந்தால் கிண்ணத்தோடு இறங்கி வருவாய். எக்ஸ்போ கண்காட்சி முடிந்த மறு வருஷம் வரைக்கும் உன்னை யாரோடும் நான் பங்கு போட வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவள் வந்தாள். கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை, மெக்சிகோக்காரர்களின் வம்சம். அங்கே வேலைநிறுத்தம் செய்தும் முதலாளிகள் மசியவில்லை. அந்தத் திராட்சையை வாங்காதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்ல, தொழிலாளர் சங்கம் தன் ஆட்களையே அனுப்பியது. மான்ட்ரியலுக்கு வந்து சேர்ந்தவள் எலேனா. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம் என்று என்னை இழுத்துக்கொண்டு போனது நீதான். "சும்மா வாடி, காப்பி குடுப்பாங்க" என்றாய்.

காப்பியும் கொடுத்தார்கள். அவளும் பேசினாள். குடிக்கத் தண்ணீர் கிடையாது, பெண்கள் ஒதுங்க மறைவு கிடையாது, பழம் பறித்துக்கொண்டிருக்கும்போதே மேலே பூச்சிமருந்து தெளிப்பார்கள். "எங்களுக்காக நீங்கள் பேச வேண்டாம், நாங்களே பேசிக்கொள்வோம். கடை வாசலில் எங்களோடு நின்றால் போதும்" என்றாள். எனக்கும் மனசு உருகியது, இல்லை என்று சொல்லவில்லை. அப்படியே உன் பக்கம் திரும்பினால், நீ அவளைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வை! என்னை ஒரு நாளாவது அப்படிப் பார்த்திருக்கிறாயா, அக்கா?

அந்த வாரமே அவளை உன் வீட்டில் தங்கவைத்தாய். அப்புறம் என் தலைக்கு மேலே எந்நேரமும் இரண்டு பேர் சிரிக்கிற சத்தம். பச்சை மிளகாயை அவள் வெறுமே கடித்துத் தின்கிறாள் என்பதை ஏதோ உலக அதிசயம் மாதிரி என்னிடம் வந்து சொல்வாய்.

ஊரிலிருந்த நம் தமிழ்ப் பெண்களுக்கு இந்தப் புறக்கணிப்பை எப்படிப் புரியவைப்பது என்று அவள் விழித்தபோது வழி கண்டுபிடித்தவளும் நீதான். எல்லோரையும் என் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்துச் சொன்னாய்: "காசிக்குப் போனா ஒரு பழத்தை விட்டுட்டு வர்றோம்ல? அப்படி நினைச்சுக்குங்க. காசியில விட்டா ஆயுசுக்கும் கிடையாது. இது அவங்க ஜெயிச்சதும் திரும்ப வந்துடும்."

"நான் விட்டாச்சு" என்று முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன்.

"உனக்குத்தான் திராட்சையே ஆகாதேடி! பிடிக்காததை விட்டா அது கணக்கா?" என்றாய். அதை அவளுக்கு இங்கிலீஷில் வேறு சொன்னாய். அவளும் சிரித்தாள்.

உனக்கு அது உயிர். விதையில்லாத பச்சைத் திராட்சை வாங்கினால் வீடு வந்து சேரும்போது பையில் காம்புதான் மிச்சம் இருக்கும். அப்படிப்பட்டவள் நிறுத்தினாய். சனிக்கிழமை தவறாமல் சூப்பர் மார்க்கெட் வாசலில், புடவைக்கு மேலே கோட்டும் கீழே பூட்ஸுமாக நின்று, "ஸில் வு ப்ளே, மதாம்" என்று பிரெஞ்சில் கெஞ்சி நோட்டீஸை நீட்டுவாய். நானும் வந்தேன். எதற்கு வந்தேன் என்று நினைக்கிறாய்? உன்னை அவளோடு தனியாக விட மனசில்லாமல்தான்.

அங்கேதான் அந்த ஸ்வெட்டரைப் பார்த்தேன். உனக்காக நான் பின்னிய அரக்கு ஸ்வெட்டர், அவள் உடம்பில்.

"அவ நடுங்குறாடி, பாவம்" என்றாய்.

"நான் பாவமில்லையா?"

"நீ என்னடி, வீட்டு மனுஷி."

வீட்டு மனுஷி என்றால் வலிக்காதா?

அவர்கள் ஜெயித்தார்கள். முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, சங்கத்தின் முத்திரை குத்திய திராட்சைப் பெட்டி அதே தேவாலயக் கீழ்த்தளத்துக்கு வந்து இறங்கியது. நான் ஒரு பழத்தைப் பறித்து உன் பக்கம் கையை நீட்டுவதற்குள் எலேனா முந்திக்கொண்டு உன் வாயில் ஊட்டிவிட்டாள். நீ கண்ணை மூடிக்கொண்டு மென்றாய். என் கையிலிருந்ததை நானே தின்றேன். புளித்தது என்று சொல்லவாவது ஆசைப்பட்டேன். பாழாய்ப்போனது, இனித்தது.

அவள் ஊருக்குப் போன பிறகாவது நீ எனக்கு முழுசாகக் கிடைப்பாய் என்று நினைத்தேன். சில வருஷத்தில் ஒப்பந்தம் காலாவதியாகி, முதலாளிகள் திரும்பவும் முரண்டு பிடித்தார்கள். திரும்பவும் புறக்கணிப்பு. நீ திரும்பவும் விட்டாய். ஆஸ்பத்திரியில் ஒன்றும் உள்ளே இறங்காமல் கிடந்தபோது மாமா கெஞ்சினார், "ரெண்டே ரெண்டு திராட்சை வாங்கிட்டு வரட்டுமா?" என்று. "இன்னும் கையெழுத்து ஆகலையே" என்றாய். உனக்கு அது காசியில் விட்ட மாதிரியே ஆகிவிட்டது.

பதினாறாம் நாள் உன் படத்துக்கு முன்னால் வடை, பாயசத்தோடு ஒரு தட்டு நிறையப் பச்சைத் திராட்சையும் இருந்தது. "இனிமே அவளுக்கு என்னம்மா போராட்டம்? ஆசையாச் சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்றார் மாமா.

எனக்கும் ஆசைதான். பையில் காம்போடு வந்த அந்தப் பங்கஜம் என்னுடையவள். அவளை எனக்கு எலேனாவிடமிருந்து திருப்பிக் கொடுக்க அந்த ஒரு தட்டுப் போதும். யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் படத்தில் நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். "வேணாம் மாமா, இன்னும் முடியல. அக்கா என்னைத்தான் திட்டுவா" என்றேன். அவர் உட்கார்ந்து அழுதார். நானும்தான்.

போன வாரம் எலேனா கலிபோர்னியாவிலிருந்து போன் செய்தாள். என் அக்கா, என் அக்கா என்று அழுகிறாள்! "அவ எனக்கு அக்கா" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, கடை வாசலில் இனி யார் நிற்பார்கள் என்று கேட்டாள். நான் இருக்கிறேன் என்றேன். ஒரு நிபந்தனையும் போட்டேன்: ஜெயித்ததும் உன் படத்துக்கு முதல் திராட்சை என் கையால்தான். சரி, இரண்டாவது நான் வைப்பேன் என்கிறாள். பேராசைக்காரி.

இந்தச் சனிக்கிழமை உன் பூட்ஸைப் போட்டுக்கொண்டு நின்றேன். எனக்குப் பெரிசு, உள்ளே இரண்டு காலுறை தேவைப்பட்டது. அடுத்த சனிக்கிழமையும் நிற்பேன், அவர்கள் ஜெயிக்கிற வரைக்கும் நிற்பேன். சத்தியம். பொறாமையை மட்டும் விடச் சொல்லாதே, அக்கா. காசிக்கே போனாலும் அதை நான் விட்டுவிட்டு வரமாட்டேன்.

எலேனாவுக்கு முந்தியே வந்த உன் தங்கை,
கோமதி