பருப்பில் மாசி இருக்கிறதா?

கண்டி
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள கஜாலினிக்கு,

நானும் அப்பாவும் நலம். உன் நலத்தை உன் குரலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது, போன கிழமை அந்தக் குரல் எனக்குத் திருப்தியாக இல்லை. தொலைபேசியில் எதைச் சொன்னாலும் ஓம் அம்மா, ஓம் அம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் மின்னஞ்சலில் எழுதுகிறேன், ஆறுதலாக வாசி. அப்பாவின் முழங்கால் நோ பரவாயில்லை, ஆனால் வாவியைச் சுற்றி நடக்கச் சொன்னால் வெயிலைக் காட்டித் தப்பிவிடுகிறார். வெயிலும் அப்படித்தான் எரிக்கிறது, இன்னும் மழை இல்லை. உன் வேலை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது என்பதை நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லாமலே நினைத்துக்கொண்டிருக்கிறோம். வேறு வேலை கிடைக்காவிட்டால் விசாவும் சிக்கல்தான். வியாழக்கிழமை மெல்பேர்னில் பொறியியலாளர்கள் கூடுகிற சந்திப்புக்குப் போனால் துறையில் நாலு பேரைத் தெரிந்துகொள்ளலாம் என்று உன் மேலதிகாரியே சொல்லியிருக்கிறார். நீயோ, அங்கே எல்லாம் பொய்ச் சிரிப்பு அம்மா, சுவரோடு நின்றுவிட்டுத்தான் வருவேன் என்கிறாய். போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அந்தச் சுவரோடு நிற்கிற குணம் என்னிடமிருந்து வந்தது. ஆனால் இப்படியான கூட்டங்களில் உண்மையில் என்னதான் நடக்கிறது என்று எனக்கே அறிய வேண்டும்போல இருந்தது.

எங்கள் ஆய்வுகூடத்துக்கு இப்படி அழைப்புகள் வரும், நான் இளையவர்கள் யாரையாவது அனுப்பிவிடுவேன். இந்த முறை, வாவிக்கரை ஹோட்டலில் வெள்ளிக்கிழமை தொழில்துறையினரின் சந்திப்பு என்று வந்தபோது நானே போகிறேன் என்றேன். அப்பா சிரித்தார், நீர் கதைக்கப் போறீரோ, ஆக்களைச் சோதனைக் குழாயில போட்டுப் பாக்கப் போறீரோ என்று. இரண்டாவதுதான். வாசலில் பெயர் அட்டை ஒன்றைச் சேலையில் குத்திவிட்டார்கள், அதன் பிறகு என் முகத்தை யாரும் பார்க்கவில்லை, அட்டையைப் பார்த்தார்கள், தண்ணீர்ப் பரிசோதனை என்று வாசித்ததும் கண் எனக்குப் பின்னால் நிற்பவரிடம் போய்விட்டது. வங்கியிலிருந்து வந்த யுகேஷ் என்ற இளைஞர் மட்டும் நின்றார். உங்கள் வேலை எப்படியானது என்று உண்மையான ஆர்வத்தோடுதான் கேட்டேன், எல்லாம் கார்டில இருக்கு மிஸ் என்று அதை என் கையில் வைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார். நீ சொன்னது சரி என்று அங்கேயே முடிவு செய்திருப்பேன், பசி வந்திராவிட்டால்.

வெள்ளிக்கிழமை நான் மச்சம் தொடுவதில்லை என்று உனக்குத் தெரியும். பருப்பில் மாசிக் கருவாடு போட்டிருக்கிறதா என்று பரிமாறியவரிடம் கேட்டேன். இல்லை மிஸ், கொஞ்சம்தான் என்றார். பக்கத்தில் தட்டோடு நின்ற பெண் சத்தமாகச் சிரித்துவிட்டா, அவவும் அதையேதான் கேட்க வந்திருக்கிறா, தவக்காலம் முடியும்வரை மீன் இறைச்சி இல்லையாம். அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் இன்னைக்கு வெறுஞ்சோறும் அப்பளமும்தாங்க என்றா. பெயர் டொரதி, என் வயதுதான் இருக்கும், புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தேநீரைச் சுவைத்துத் தரம் பார்ப்பவ. சில கிழமைகளாக அங்கே ஊற்றுகிற தேநீர் கறுத்துப் போகிறதாம், அதே தூளைக் கொழும்பில் ஊற்றினால் நல்ல நிறமாம். தூள்ல கொறை இல்லைங்க, சொன்னா யாரும் நம்பமாட்டேங்கிறாங்க என்றா. என்னை உனக்குத் தெரியும்தானே, இலவசமாகப் பரிசோதிக்க ஆள் பிடிக்கிறாவோ என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்தால் என் அட்டை முந்தானைக்குள் மறைந்திருந்தது, நான் யாரென்றே அவவுக்குத் தெரியாது. பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குழாயை மாற்றினார்களா, கேத்தல் பழையதா, காலையில் முதல் ஊற்றுகிற தேநீர்தான் கூடக் கறுக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனேன், சோறு ஆறிவிட்டது. நீங்க என்னங்க பொலிஸா என்றா. அட்டையை வெளியே எடுத்துக் காட்டினேன், இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. தண்ணீரில் இரும்பு கூடினால் தேநீர் கறுக்கும், ஆனால் பார்க்காமல் சொல்லமாட்டேன் என்றேன். அப்ப வந்து பாருங்களேன் என்றா.

இதை வைத்து இந்தக் கூட்டங்கள் நல்லவை என்று நான் சொல்லமாட்டேன். ஒரேயொரு மாதிரியை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது, இரண்டாவதை நீதான் எடுத்துத் தரவேண்டும். போன மாதம் ஒரு நடைபாலத்தைப் பற்றிச் சொன்னாயே, காற்றில்லாத நாளிலும் ஏன் நடுங்குகிறது என்று விளங்கவில்லை என்றாய். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் அன்றைக்கு உன் குரல் நன்றாக இருந்தது. அங்கே வருகிறவர்களில் யாராவது ஒருவருக்கு அந்தப் பாலத்தின் நடுக்கம் தெரிந்திருக்காதா? வேலை கேட்கவேண்டியும் வரும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் முதலில் பாலத்தைக் கேள். வியாழக்கிழமை காலை நான் புசல்லாவை பஸ் ஏறுகிறேன், நீயும் அன்று பின்னேரம் போ. வேலை கிடைக்குமா என்று நான் கேட்கமாட்டேன். யாரிடம் கேட்டாய், என்ன சொன்னார்கள் என்று மட்டும் எழுது, நான் தண்ணீரைப் பற்றி எழுதுகிறேன்.

பிள்ளையார் உன்னோடு கூட வருவார், தைரியமாகப் போ. குளிர்ச் சட்டையை மறக்காதே. இன்னுமொன்று, வழமையாக நான் இப்படிச் சொல்வதில்லை, ஆனால் வியாழக்கிழமை மட்டும் வீட்டில் சாப்பிடாமல் பசியோடு போ.

அன்புடன்
அம்மா