நெல்மணி நண்பன் எங்களுக்கு என்ன முறை?

அனுப்புநர்
ம. மருதையன்,
விவசாயி, ஊருக்கே மாமன்,
கீழவெண்டாழை, மன்னார்குடி வட்டம்.
(தற்போதைய முகவரி: நெல் கொள்முதல் நிலையக் களம், வடக்கு ஓரம், நீலத் தார்ப்பாய்க்கு அடியில்.)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: நெல் விற்கப் பதிவு செய்யும் 'நெல்மணி நண்பன்' என்னும் மென்பொருள், தடை என்னவென்று சொல்லாமல் எங்களைக் கேலி செய்வது – என் தங்கை அம்சத்தின் நெல் களத்திலும் அம்சம் வயலிலுமாகச் சிக்கிக் கிடப்பது – உண்மைக் காரணத்தைத் தெளிவான தமிழில் தெரிவிக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. தங்கள் முன் நேரில் ஆஜராகி இம்மனுவைத் தர இயலாமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். நான் எழுந்தால் இந்தக் குவியலுக்குக் காவல் இல்லை. வேதாரண்யம் முதல் குத்தாலம் வரை உள்ள ஆடு, மாடு, கோழி, காக்கை அனைத்தும் பொதுக்குழு கூட்டி, இனி அம்சத்தின் நெல்லை மட்டுமே தின்பதென்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டிருப்பதாக எனக்கு நம்பத்தகுந்த தகவல். ஆகவே இம்மனுவை டீக்கடை ஜெக்கரியா எடுத்து வருகிறார். அவர் கடையைப் பூட்டிவிட்டு வருவதால் தாமதம் செய்யாமல் பெற்றுக்கொள்ளவும்.

2. என் தங்கை அம்சம், காலஞ்சென்ற வீரையனின் மனைவி. அவர்களுக்கு இருப்பது ஒரே துண்டு நிலம். நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையின் உபரி நிலம் என்று எடுத்து, வீரையனின் தகப்பனாருக்கு அரசு ஒப்படைத்தது. பட்டா கையில் கிடைத்த பிறகும் அந்த வயலில் காலை வைக்க அந்த மனிதர் எத்தனை வருஷம் நீதிமன்ற வாசலில் நின்றார் என்பதைத் தங்கள் அலுவலகத்துப் பழைய கட்டுகள் சொல்லும், கரையான் விட்டு வைத்திருந்தால்.

3. இவ்வருடக் குறுவை அறுத்து, நெல்லைக் களத்தில் கொண்டு வந்து கொட்டினோம். தாங்கள் அறிந்ததுதான்: கணினியில் பதிவு செய்தால் டோக்கன், டோக்கன் இருந்தால் எடை, எடை போட்டால்தான் வீடு. அங்கே பதிவு செய்பவர் ஹபீபுன்னிசா என்ற நல்ல பெண். அம்சத்தின் ஆதார் எண்ணையும் புல எண்ணையும் அவர் தட்டியதும், திரையில் முண்டாசு கட்டிய நெல்மணி ஒன்று குதித்து வந்து கண்ணடித்தது. அதன் வாயிலிருந்து வந்த வாசகம்: "அடடே, உங்க நிலம் கண்ணாமூச்சி ஆடுது போல! தேடிப் பிடிச்சுட்டு வாங்க!"

4. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கேலியில் எனக்கு இந்த ஜில்லாவில் நிகர் கிடையாது. என் கேலிக்குப் பயந்து காவிரியே ஒரு வருஷம் வராமல் இருந்தது. அம்சம் மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே வயலுக்குப் போனாள்.

5. பின்னாலேயே ஓடினேன். நான்கு மூலையிலும் கல் நின்றது. தொட்டுக் காட்டி, "பாரு தாயி, உன் நிலம் எங்கயும் போகல" என்றேன். "கல்லு அன்னைக்கும் நின்னுச்சுண்ணே. உள்ள பேருதான் மாறிப்போச்சு" என்றாள். அவள் மாமனார் காலத்தில் நடந்தது அது. பண்ணைக்காரர்கள் கல்லைத் தொடவில்லை, அலுவலகத்தில் பெயரைத்தான் மாற்றினார்கள். ஆகவே கணினி 'நிலத்தைக் காணோம்' என்றதும், பண்ணை வாரிசுகள் மறுபடி வழக்குப் போட்டுவிட்டதாக அவள் முடிவு கட்டிவிட்டாள். இப்போது அறுத்த நெல்தாளுக்கு நடுவில் நாலு தென்னங்கீற்றைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "நான் எந்திரிச்சா உழுதுடுவாங்க" என்கிறாள். சோறு அனுப்பினால் பாதி திரும்பி வருகிறது.

6. அவள் அங்கே, நான் இங்கே. நான் போய் அழைத்து வரலாமென்றால் நெல்லை யார் பார்ப்பது? அவள் இங்கே வரலாமென்றால் நிலத்தை யார் பார்ப்பது? எலிப்பொறியில்கூட ஒரு வாசல் உண்டு ஐயா. உள்ளே வந்த வாசலாவது உண்டு.

7. மறுநாளும் முயன்றோம். அதே நெல்மணி வந்து, "மறுபடியும் நீங்களா? விட மாட்டீங்க போல!" என்றது. அதற்கடுத்த முறை, "டென்ஷன் வேண்டாம், ஒரு டீ குடிச்சுட்டு வாங்க!" என்றது. அரசாங்கக் கணினி சொன்னதாயிற்றே என்று வரிசையே போய்க் குடித்தது. நாங்கள் குடித்த டீயை வெண்ணாற்றில் விட்டிருந்தால் சம்பாவுக்கு மேட்டூர் தண்ணீர் கேட்க வேண்டியிருந்திருக்காது. ஹபீபுன்னிசாவைக் குறை சொல்ல மாட்டேன். "எனக்கும் இதேதான் மாமா வருது. இதுக்கு மேல ஒரு எழுத்து வரல" என்று திரையை என் பக்கம் திருப்பியே காட்டிவிட்டார். அவர் முகத்தில் இருந்த வேதனையில் ஒரு பங்கு அந்த நெல்மணிக்கு இருந்திருந்தால் இம்மனுவே தேவைப்பட்டிராது.

8. உதவி எண்ணுக்குப் பேசினேன். எடுத்த தம்பி மரியாதையான பிள்ளை. "ஜனங்க பதறக் கூடாதுன்னுதான் சார் ஜாலியா எழுதியிருக்கோம்" என்றார். சரி தம்பி, என் தங்கச்சி பதறிப் போய் வயக்காட்டில் கிடக்கிறாள், உண்மைக் காரணத்தைச் சொல்லுங்கள் என்றேன். "காரணம் உள்ள பதிவாகியிருக்கும் சார். அதைப் பார்க்க எனக்கு அனுமதி இல்ல. மேலேர்ந்து சொன்னா எடுத்துக் குடுப்பாங்க" என்றார். அந்த 'மேலே' எங்கே இருக்கிறதென்று விசாரித்ததில், தங்களைத் தவிர வேறு எவரும் என் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை.

9. இங்கே ஒரு முறைப்பாட்டைப் பணிவுடன் பதிவு செய்கிறேன். எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேலி செய்துவிட முடியாது. அதற்கு முறை வேண்டும். மாமன் செய்யலாம், மச்சான் செய்யலாம், கொழுந்தி செய்யலாம். பங்காளி செய்தால் அடிதடி. முறையுள்ளவன் கேலி செய்தால் நாம் திருப்பிக் கேலி செய்வோம், அவனும் வாங்கிக்கொள்வான்; மறுநாள் நம் வீட்டில் இழவு விழுந்தால் அவன்தான் முதலில் வந்து நிற்பான். நெல்மணி நண்பன் எங்களுக்கு என்ன முறை? மச்சான் முறை என்றால், வீரையன் செத்தபோது ஒரு கோடித் துணியாவது எடுத்து வந்ததா? நான் திருப்பி ஒரு வார்த்தை சொன்னால் திரை அணைந்துவிடுகிறது. பதில் பேச வழியில்லாதவளிடம், அதுவும் தாலி இழந்தவளிடம், உன் நிலம் ஒளிந்து விளையாடுகிறது என்பதற்கு எங்கள் பக்கத்தில் கேலி என்று பெயர் இல்லை.

10. தடை எதுவாக இருக்கும் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பட்டா இன்னும் வீரையன் பெயரில் இருப்பதாலாக இருக்கும் என்கிறார் ஹபீபுன்னிசா. அம்சத்தின் கைரேகை தேய்ந்துவிட்டது, ஆதார்தான் சேரவில்லை என்கிறார் எடை போடும் பஞ்சநதம். வழக்குத்தான் என்கிறாள் அம்சம். முதலாவது என்றால் தாலுகா ஆபீஸ், இரண்டாவது என்றால் இ-சேவை மையம், மூன்றாவது என்றால் வக்கீல். மூன்று பக்கமும் ஓட எனக்கு மூன்று உடம்பு இல்லை. இருக்கிற ஒன்றும் தார்ப்பாய் பறக்காமல் இருக்க அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. நேற்றைய மழையில் குவியலின் அடி நனைந்துவிட்டது. கையை விட்டுப் பார்த்தால் சூடு தெரிகிறது. இன்னொரு மழை பெய்தால் முளை கட்டிவிடும். பிறகு டோக்கன் கிடைத்தாலும் ஈரப்பதம் என்று தள்ளிவிடுவார்கள்.

11. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து, உள்ளே பதிவாகியிருக்கும் காரணத்தை வெளியே எடுக்க உத்தரவிட வேண்டுகிறேன். அழகாகச் சொல்ல வேண்டாம். "பட்டா இறந்தவர் பெயரில் உள்ளது, வாரிசுச் சான்று கொண்டு வரவும்" என்று மொட்டையாகச் சொன்னால் போதும். கோபமாகச் சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறோம், தாசில்தார்களிடம் வாங்கிப் பழக்கம் உண்டு. நிலத்தின் மேல் வழக்கு இருக்கிறது என்பதுதான் உண்மையென்றால் அதையும் அப்படியே சொல்லிவிடுங்கள். நாங்கள் வழக்கு பார்க்காதவர்கள் இல்லை.

12. இதில் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய இயலாது என்றால், ஒன்றை மட்டும் முதலில் செய்யுமாறு கேட்கிறேன். இத்துடன் இணைத்துள்ள பட்டா நகலில் காணும் புல எண்ணின் மேல் வழக்கு உண்டா, இல்லையா என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு ஜெக்கரியாவிடமே கொடுத்தனுப்புங்கள். அவர் களத்துக்கு வர வேண்டாம், நேரே வயலுக்குப் போகட்டும். இந்த நெல் முளைத்தால் முளைத்துவிட்டுப் போகிறது; என் தங்கை எழுந்து வீட்டுக்குப் போய் ஒரு வாய் முழுச் சோறு தின்னட்டும்.

தங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,
ம. மருதையன் (ஒப்பம்)

இடம்: கீழவெண்டாழை, கொள்முதல் களம்
நாள்: 17.10.2022