வடிகால் ஷட்டரின் பூட்டு

திருவனந்தபுரம்,
1927 செப்டம்பர் 3

பிரியமுள்ள தங்கை சத்தியபாய்க்கு அண்ணன் எழுதுவது.

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அண்ணியும் நலம். உன் மகள் எலிசாவுக்கு நான் அனுப்பிய பாவாடை அளவாக இருந்ததா?

நம் கைதவிளைக்காரர்களின் மனு கிடைத்தது. வடிகால் ஷட்டருக்குச் சர்க்கார் பூட்டுப் போட்டது அவர்களுக்குப் பிடிக்கவில்லையாம். முன்பு ஊருக்கு ஊர் இஷ்டம்போல் திறந்தார்கள். மேலூர் தப்பிக்கக் கீழூர் வயலை முக்கினார்கள். பேச்சிப்பாறைத் தண்ணீர் எல்லாருக்கும் பொது, அதற்கு ஒரு கையும் ஒரு சாவியும் போதும் என்று சட்டசபையில் பேசியவனே நான்தான். என் சொந்த ஊர்க்காரன் பூட்டை உடைத்தால் நான் முகத்தை எங்கே வைப்பேன்?

ஆபத்து என்றால் எனக்குத் தந்தி அடிக்கட்டும். மெம்பர் எதற்கு இருக்கிறேன்? ஒரு மணி நேரத்தில் சாவிக்கு உத்தரவு வாங்கித் தருவேன். இதை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உபதேசியாரை வாசிக்கச் சொல்.

அன்புள்ள அண்ணன்,
ஞானசிங்


கைதவிளை,
கொல்லம் 1103 ஐப்பசி 20

கர்த்தர் எனக்கு விட்டு வைத்த ஒரே கூடப்பிறப்பான அண்ணனுக்கு சத்தியபாய் எழுதுவது.

எலிசா போய்விட்டாள் என்று ஆள் வந்து சொல்லியிருப்பான். அடக்கத்துக்கு நீங்கள் வரவில்லை. சட்டசபை நடக்கிறது என்றீர்களாம். மாமன் போட வேண்டிய கோடித் துணியைப் பக்கத்து வீட்டு ரசலையன் போட்டான்.

நடந்ததை எழுதுகிறேன். சனிக்கிழமை உச்சைக்கே வாய்க்கால் தண்ணீர் கரையைத் தொட்டது. ரசலையன் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஷட்டர் காவல்காரர் சிலுவைதாசன் அவன் முன்னால் நின்று கும்பிட்டார்.

"மெம்பர் எழுதினது கோயில்ல வாசிச்சதுதானே மக்கா. நம்ம ஆளு சொல்லுக்கு மரியாதை வேண்டாமா? கம்பி அடிச்சிட்டு நிப்போம்."

எல்லாரும் சரி என்றார்கள். ஒருவன் நாகர்கோவில் தந்தி ஆபீசுக்குச் சைக்கிளில் போய் உங்களுக்குக் கம்பி அடித்துவிட்டு வந்தான். ஊர் முழுக்க மழையில் நின்றோம். சாவி வரவில்லை, பதிலும் வரவில்லை. தண்ணீர் கரை ஏறி நம் வீட்டுப் பக்கம் சரிந்தது. கோழிகளைப் பிடிக்க உள்ளே போன பிள்ளைமேல் மேற்குச் சுவர் விழுந்தது. எட்டு வயது முடியவில்லை.

அதற்குப் பிறகு ரசலையன் பூட்டை உடைத்தான். நாலே அடி. ஒரு நாழிகை நேரத்தில் தண்ணீர் வடிந்துவிட்டது. அவன் கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வந்தான். ஷட்டருக்கு இப்போது புதுப் பூட்டு போட்டிருக்கிறார்கள்.

கம்பி உங்கள் கைக்கு வந்ததா அண்ணா?

உங்கள் தங்கை,
சத்தியபாய்


திருவனந்தபுரம்,
1927 நவம்பர் 24

அன்புள்ள சத்தியபாய்,

உன் கடிதம் கண்டு நானும் உன் அண்ணியும் அழுத அழுகை கர்த்தருக்குத் தெரியும். கொடுத்தவர் எடுத்துக்கொண்டார். நீ தைரியமாக இருக்க வேண்டும்.

குழந்தையின் கல்லறைக்கு மயிலாடியில் நல்ல கல் சொல்லியிருக்கிறேன். செலவு முழுவதும் என்னுடையது. நீ எதற்கும் கவலைப்படாதே. வீட்டுச் சுவரைச் செங்கல்லில் கட்டிக்கொள். மண்சுவர் எப்போதும் ஆபத்துதான்.

அன்புள்ள அண்ணன்,
ஞானசிங்


கைதவிளை,
1103 மார்கழி 11

அண்ணனுக்கு,

கல் வந்தது. நல்ல வேலைப்பாடு. பிள்ளையின் பெயர் மேலே சின்னதாக இருக்கிறது. ஸ்ரீமூலம் சபை மெம்பர் ஞானசிங் அவர்களால் வைக்கப்பட்டது என்று கீழே பெரிதாக இருக்கிறது. கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறவர்கள் உங்களைத்தான் அடக்கம் பண்ணியிருக்கிறது என்று நினைப்பார்கள். அதனால் நடவில்லை. சாய்த்து வைத்திருக்கிறேன்.

மண்சுவர் ஆபத்து என்று எழுதினீர்கள். அம்மை அப்பன் காலம் முதல் அந்தச் சுவர் நின்றது. அப்போது சாவி இங்கே இருந்தது. கீழூருக்கும் நமக்கும் சண்டை வரும், அது உண்மைதான். பத்துப் பேர் உட்கார்ந்து பேசி ஒரு முழம் திறப்பார்கள், அரை முழம் அடைப்பார்கள். தப்புப் பண்ணினவன் வீடு தெரியும். வாசலில் போய் நின்று ஏசலாம். இப்போது நான் யார் வாசலில் போய் நிற்க?

இரண்டு காரியம் கேட்கிறேன். கம்பி வந்ததா? ஷட்டர் இங்கே இருக்க, சாவிக்கு உத்தரவு ஏன் திருவனந்தபுரத்தில் இருக்கிறது என்று சட்டசபையில் எழுந்து ஒரு கேள்வி கேட்பீர்களா?

தங்கை,
சத்தியபாய்


திருவனந்தபுரம்,
1928 ஏப்ரல் 16

பிரியமுள்ள தங்கைக்கு,

வேலை மிகுதியால் பதில் தாமதம். ஒரு வீட்டுச் சுவருக்காகச் சட்டசபையில் கேள்வி கேட்க முடியாது அம்மா. ராஜ்யம் முழுவதற்கும் ஒரு சட்டம் வைத்துவிட்டு, என் தங்கை அழுகிறாள் என்று மாற்றச் சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள்.

எலெக்ஷன் வருகிறது. எனக்கு எதிராக நிற்கும் நாராயணபெருமாள் வக்கீல் போகிற ஊரெல்லாம் எலிசாவின் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்கிறானாம். செத்த பிள்ளையை வைத்துப் பிழைக்கிறான். அடுத்த மாதம் நம் ஊரில் கூட்டம் போடுகிறேன். நீ என் பக்கத்தில் வந்து நின்று, கம்பி அண்ணன் கைக்கு வரவே இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெற்றவள் சொன்னால் அதற்குமேல் யார் பேசுவார்? வந்ததா இல்லையா என்பது நமக்குள் இருக்கட்டும்.

நிலவரி உன் பெயரில் இருப்பதால் உனக்கும் ஓட்டு உண்டு. மறக்காதே.

அண்ணன்,
ஞானசிங்


கைதவிளை,
1103 வைகாசி 27

மெம்பர் அவர்களுக்கு,

உங்கள் கூட்டத்துக்கு நான் வராதது உங்களுக்கு வருத்தம் என்று சொன்னார்கள். ரோடு போட்டுத் தருவதாகச் சொன்னீர்களாம். ஊரில் பாதிப்பேர் உங்களுக்குத்தான் ஓட்டு என்கிறார்கள். போன பிள்ளை போயாச்சு, கையில் இருக்கிற மெம்பரை ஏன் விடணும் என்று என் காதுபடவே பேசினார்கள்.

திங்கள்கிழமை மழை பிடித்தது. தண்ணீர் கரைக்கு இன்னும் இரண்டு முழம் இருக்கும்போதே நான் கடப்பாரையோடு ஷட்டருக்குப் போனேன். ரசலையன் ஓடி வந்து, "அக்கா, நீ மாறி நில்லு, நான் அடிக்கேன்" என்றான். "ஒனக்கு வீட்டுல பிள்ளைக இருக்கு. போலே" என்றேன். அன்றைக்கு அவன் நாலு அடியில் உடைத்தான், எனக்குப் பதினொன்று ஆயிற்று.

போலீஸ்காரன் பெயர் கேட்டான். சத்தியபாய், மெம்பர் ஞானசிங்கின் தங்கை என்று சொன்னேன். எழுதவா வேண்டாமா என்று யோசித்தான். நானே எழுதச் சொன்னேன்.

ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. போன தடவை மெம்பர் சொல்லைக் கேட்டுக் கம்பி அடித்துக் காத்திருந்தோம், பிள்ளை செத்தது, அதனால் இந்தத் தடவை காக்கவில்லை என்று மாஜிஸ்திரேட்டிடம் சொன்னேன். கம்பி போய்ச் சேர்ந்ததா என்று அவர் கேட்டார். அது மெம்பருக்குத்தான் தெரியும், அவரைக் கூப்பிடுங்கள் என்றேன்.

எனக்காக வழக்குப் பேசுகிறவர் நாராயணபெருமாள் வக்கீல். அவர் எனக்காக வரவில்லை, உங்களைத் தோற்கடிக்க வருகிறார். அது எனக்குத் தெரியும். செத்த பிள்ளையை வைத்துப் பிழைக்கிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லையே.

சாட்சிக்குச் சம்மன் இந்த வாரம் உங்கள் கைக்கு வரும். இதையும் வரவில்லை என்று சொல்ல முடியாது, கையெழுத்து வாங்கித்தான் தருவார்கள். சட்டசபையில் நீங்கள் கேட்காத கேள்வியைக் கோர்ட்டில் உங்களிடம் கேட்பார்கள். வேதப் புத்தகத்தில் கை வைத்துப் பதில் சொல்லுங்கள். நான் எதிர்க்கூண்டில் நின்று உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எந்தப் பதில் சொன்னாலும் அன்றைக்கு என் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டாம். அடுப்பு பற்றவைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
எலிசாவின் அம்மை
சத்தியபாய்