டேப்பெட் கவரில் ஒழுகிய ஆயில்

நவம்பர் 10, 1992. செவ்வாய்.

விடிந்ததிலிருந்து தூறல். பட்டறைக் கூரை சொட்டுகிறது, கீழே லாரியும் சொட்டுகிறது.

டேப்பெட் கவர் மறுபடியும் ஒழுகல். இந்த மாதத்தில் மூன்றாவது தடவை. இன்ஜின் தலைமேல் இருக்கும் மூடி அது. ஒழுகினால் ஆயில் நேரே சூடான சைலன்சர் குழாய்மேல் விழும். புகை, நாற்றம். தீப்பிடித்தாலும் பிடிக்கும். புது கார்க் பேக்கிங் போட்டாயிற்று. வளைந்திருந்த விளிம்பைத் தட்டி நேராக்கியாயிற்று. போல்ட்டும் பதமாகத்தான் முறுக்கினேன். பிறகும் ஏன்?

லாரி எனக்கும் அக்கா புருஷன் தாஸ் மச்சானுக்கும் பொது. அவர் ஓட்டுவார், ரிப்பேர் என்னுடையது. திரிசூலத்திலிருந்து கோவளம் பக்கம் ஜல்லி ஓட்டம்.

"ரெண்டு நாள் நிக்கட்டுமே பீட்டரு. இன்னா அவசரம்?" என்றார் மச்சான். ஓட்டம் இல்லாவிட்டால் சிடுசிடுக்கிற மனிதர்!

மகள் ஜாய்ஸுக்கு ஜாமெட்ரி பாக்ஸ். மறக்காமல்.

நவம்பர் 11. புதன்.

மழை இல்லை. புழுக்கம். காலையில் இட்லி, நேற்றைய சாம்பார்.



பேக்கிங்மேல் குறை இல்லை என்றால் உள்ளேயிருந்துதான் ஏதோ தள்ளுகிறது. இன்ஜினுக்குள் சேரும் காற்று வெளியே போக ஒரு குழாய் உண்டு, பிரீதர். அதைக் கழற்றினேன். உள்ளே துணி. காக்கித் துணி, இறுக்கமாகச் சுருட்டி, ஸ்க்ரூ டிரைவரால் குத்தி ஆழமாக அடைத்திருக்கிறது. தானாக வந்து விழுந்தது இல்லை. காற்றுக்கு வழி இல்லாமல் ஆயிலைத் தள்ளிக்கொண்டு மூடி வழியாக வந்திருக்கிறது.

யார் செய்தது? லாரி ஸ்டாண்டில் யாருக்கோ வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன். மச்சானைக் கூப்பிட்டுக் காட்டிக் கத்தினேன். "எவன்னு தெரியட்டும், கைய ஒடிக்கிறேன்."

டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஒடி. நான்தான் வெச்சேன்."

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"லெஃப்ட் கண்ணு தெர்ல பீட்டரு. சுத்தமா இருட்டு."

எப்போதிலிருந்து? ஈஸ்டருக்கு முன்னாலிருந்தே மங்கல். போன மாதம் மேடவாக்கம் ரோட்டில் இடது பக்கம் சைக்கிளில் வந்த ஒரு ஸ்கூல் பெண்ணைத் தட்டிவிட்டார். ஹாண்டில் வளைந்ததோடு போயிற்று. பெண் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"சத்தம் கேட்டுத்தான் தெரிஞ்சுது. கண்ணுல படவே இல்ல. வண்டிய நிறுத்தணும், வேற வழி தெர்ல."

என்னிடம் சொல்லியிருக்கலாமே!

"சொன்னா வண்டிய வித்துடுவ. அப்பால நான் இன்னா பண்றது?"

ஆகஸ்டில் என் இரண்டு பிள்ளைகளையும் அந்த கேபினில்தான் கோவளம் கூட்டிப்போனார். இன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

நவம்பர் 12. வியாழன்.

சிட்லபாக்கம் போனேன். லில்லி அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று ஏரிக்கரை முழுக்க யோசனை. அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொன்னேன். அவள் கை நிற்கவே இல்லை. ஆய்ந்துகொண்டே,

"எனக்குத் தெரியும் தம்பி" என்றாள்.

இரண்டாவது அடி.

சில மாதங்களாக இவள் மச்சானோடு லாரியில் ஓட்டத்துக்குப் போனது காற்று வாங்க அல்ல. இடது பக்கம் உட்கார்ந்து "ஆட்டோ வருது, மாடு நிக்குது, இப்ப எடு" என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள். சைக்கிளைத் தட்டிய அன்று இவளுக்குக் காய்ச்சல். போகவில்லை.

"பைத்தியமா உனக்கு? யார்னா செத்திருந்தா?"

"தெனம் ஜெபம் பண்ணிக்கினுதான் ஏறுவேன்."

என்ன பதில் இது. இன்னும் கத்த வாயெடுத்தேன். அவள் காப்பி போட்டாள், குடித்தேன்.

நவம்பர் 13. வெள்ளி.

தாம்பரத்தில் ரயில் ஏறி கண் டாக்டரிடம். நான், மச்சான், அக்கா. டாக்டர் சின்ன வயசுப் பெண்மணி. கண்ணில் பிரஷராம். இன்ஜினுக்குள் காற்று அடைபட்டு ஏறியதும் அதுதானே, தூக்கிவாரிப் போட்டது.

"போன பார்வை திரும்பாதுங்க. வலது கண்ணை டிராப்ஸ் விட்டுக் காப்பாத்திக்கலாம். இனிமே லாரி ஓட்டக் கூடாது."

மச்சான் தலையாட்டினார். வெளியே வந்து, "வலது கண்ணுலயும் ஆரம்பிச்சுடுச்சா?" என்று அக்காவிடம் கேட்டார். உள்ளே கேட்டிருக்க வேண்டியது. அக்கா திரும்பி உள்ளே போனாள். திரும்பி வந்தவள் முகத்தைப் பார்த்ததும் நாங்கள் கேட்கவில்லை.

திரும்பும் ரயிலில் குரோம்பேட்டை வந்ததும் மச்சான், "முறுக்கு வாங்கேன்."

நவம்பர் 16. திங்கள்.

நல்ல வெயில். டிராப்ஸ் காலையும் மாலையும்.

பிரீதரை டீசலில் கழுவி மாட்டினேன். பழைய பேக்கிங்கைச் சுரண்டி, புதுசுக்கு ஷெல்லாக் பசை தடவி வைத்து இறுக்கினேன். அரை மணி நேரம் ஓடவிட்டேன். மூடியைச் சுற்றி விரலை ஓட்டினால் ஈரமே இல்லை.

வண்டியை விற்கவில்லை. என்னிடம் ஹெவி லைசென்ஸ் இருக்கிறது. பட்டறையை என் தம்பி பார்ப்பான், நான் ஓட்டுகிறேன் என்று முடிவு. ஜல்லி லோடு காத்திருக்கிறது.

நான் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன், சத்தம் கேட்டு மச்சான் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. வழக்கம்போல வலது பக்கக் கதவில் கை வைத்தார். கையை எடுத்தார். பிறகு பம்பரைத் தடவிக்கொண்டு முன்பக்கமாகச் சுற்றி இடது பக்கம் போய் ஏறி உட்கார்ந்தார்.

"எடு" என்றார்.

இந்த இன்ஜினைக் கழற்றி மாட்டிய எனக்கு முதல் கியரே விழவில்லை.